எல்மைராவின் எர்னி டேவிஸ்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூயார்க் மாநிலத்தின் தென்னெல்லையை ஒட்டி எல்மைரா என்னும் ஊர் உள்ளது. பெருநகரம் என்று சொல்லத்தக்கதன்று. ஆயினும் இருவரால் அவ்வூர் பெயர் பெற்றது. ஒருவர், மார்க் டுவைன் என்னும் புனைபெயரால் உலகம் அறிந்த எழுத்தாளர். கோடைக் காலங்களில் அங்குத் தங்கித் தம் நூல்கள் சிலவற்றை எழுதியவர். இறந்தபின் அங்கேயே அடக்கம் செய்யப்பெற்றவர். மற்றொருவர், இருபத்து மூன்று ஆண்டுகளே வாழ்ந்த ஓர் இளைஞர்; நூல் எதனாலும் புகழ் பெற்றவரல்லர்; பந்தை ஏந்தி ஓடிப் புகழ் பெற்றவர். அவர் பெயர் எர்னி டேவிஸ். அவருடைய வரலாற்றையே இப்பாடத்திற் காண்போம்.

எர்னி 1939 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 14 ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்து நியூ சேலம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்னரே தந்தையார் விபத்தொன்றில் உயிர் நீத்தார். இளம்பருவத்தினரான தாயார் குழந்தையைத் தனியே வளர்க்க இயலாமல், யூனியன்டவுன் என்னும் ஊரில் வாழ்ந்த தம் பெற்றோரிடம் ஒப்படைத்தார். பாட்டனார் வில்லி டேவிஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மக்கள் பலரைப் பெற்ற பெருங்குடும்பம் அது, வருவாயோ சிறிது. ஆயினும் அவ்வீட்டில் ஒழுங்கு இருந்தது, அன்பும் இருந்தது. எர்னி கறுப்பினத்தவர் என்பதை இங்கேயே கூறிவிட வேண்டும். அவர் வாழ்வில் நேர்ந்த பலவற்றுக்கும் அதுவே காரணமாக அமைந்தது.

இளமையில் அவருக்குத் திக்குவாய் இருந்தது. சொல் எளிதில் எழாத பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொள்வது இயல்பு. பின்னாளில் அக்குறை பெரிதும் நீங்கியது. எனினும் மெல்லப் பேசுதலும், பிறர் பேசுவதைக் கேட்டலும் அவருடைய வாழ்நாள் முழுவதும் நிலைத்த பண்புகளாயின.

பன்னிரண்டாம் வயதில் எர்னி எல்மைராவுக்கு வந்து, தாயாரோடும் மாற்றுத் தந்தையாரோடும் வாழலானார். அங்கு எல்மைரா பிரீ அகாடமி என்னும் பள்ளியிற் பயின்றார். கூடைப்பந்து, பேஸ்பால், கால்பந்து ஆகிய மூன்றிலும் அவருக்கு நிகரானவர் அவ்வூரில் இல்லை. அவர் ஆடிய கூடைப்பந்து அணி தொடர்ந்து 52 ஆட்டங்களில் வென்றது. வலிமை மிக்க பிள்ளையாயினும், தம்மினும் சிறியவரைத் தடுக்க நேரும்போது, கீழே வீழ்த்தாமல் நின்றபடியே பற்றி நிறுத்திவிடுவாராம். அவரைப் பயிற்றியோர் பிற்காலத்தில் அவருடைய வெற்றிகளைக் காட்டிலும் இதனையே விரும்பி எடுத்துரைத்தனர்.

இங்கு அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிச் சிறிது விளக்குதல் வேண்டும். பந்தைக் காலால் உதைத்து ஆடும் ஆட்டத்தையே நாம் கால்பந்து என்கிறோம். அமெரிக்கரோ, முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்திற்கு அப்பெயரை இட்டுள்ளனர். பெயரும் பொருளும் பொருந்தவில்லையே என்று நாம் அவரோடு வழக்கிட வேண்டுவதில்லை. அணிக்குப் பதினொருவர். களத்தின் நீளம் 100 கெஜம். பந்தை உடைய அணி, நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜமேனும் முன்னேறுதல் வேண்டும். தவறினால் பந்து மாற்றாரைச் சேரும். எதிரியின் எல்லைக் கோட்டைப் பந்துடன் கடத்தலை டச்டவுன் என்பர். அதற்கு 6 புள்ளிகள். அதன்பின் பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஒரு புள்ளியும், மீண்டும் ஒருமுறை எல்லையைக் கடந்தால் இரண்டு புள்ளிகளும் கூடும். ஏந்தி ஓடுபவரை எதிரணியினர் பாய்ந்து பற்றி வீழ்த்துவர். ஆதலின் அவருக்கு விரைவு மட்டும் போதாது. மோதலைத் தாங்கும் உடலும், வழி எங்கே திறக்கும் என்று நொடியில் அறியும் கண்ணும் வேண்டும். எர்னிக்கு இவை மூன்றும் வாய்த்திருந்தன. ஊரார் அவரை எல்மைரா விரைவுவண்டி என்று அழைத்தனர்.

அமெரிக்க நாட்டில் பல்கலைக்கழகக் கால்பந்துக்கு இருக்கும் மதிப்பை நாம் எளிதில் அளவிட இயலாது. மாணவர் ஆடும் ஆட்டத்தைக் காணப் பல்லாயிரவர் திரள்வர். எர்னி பள்ளிப் படிப்பை முடித்தபோது பல பல்கலைக்கழகங்கள் அவரைத் தம்பால் ஈர்க்க முயன்றன. அவர் தேர்ந்தது, எல்மைராவுக்கு ஏறத்தாழ 90 மைல் தொலைவில் உள்ள சிரக்யூஸ் பல்கலைக்கழகம். அங்குப் பயின்று பெரும் புகழ் ஈட்டிய கறுப்பின வீரர் ஜிம் பிரௌன் தாமே எர்னியிடம் பேசி, அங்கு வருமாறு அழைத்தார். ஜிம் பிரௌன் அணிந்த 44 என்னும் எண் பொறித்த சட்டையே எர்னிக்கும் அளிக்கப்பெற்றது. பெரியவர் ஒருவர் இருந்த இருக்கையில் இளையவர் ஒருவரை இருத்துவது சிறப்பு மட்டுமன்று, சுமையுமாகும்.

முதலாண்டு மாணவர் பல்கலைக்கழகப் பேரணியில் ஆடலாகாது என்பது அந்நாளைய விதி. ஆகவே எர்னி ஓராண்டு காத்திருந்து, 1959 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திற் களம் புகுந்தார். பயிற்றுநர் பென் ஷ்வார்ட்ஸ்வால்டர் என்பவர், இரண்டாம் உலகப் போரில் நார்மண்டி மண்ணில் வானூர்தியிலிருந்து குதித்துப் போரிட்ட படைவீரர், கண்டிப்பானவர். கெர் ஷ்வீடிஸ் என்பவர் அணித்தலைவர். கறுப்பினத்தவர் எர்னி, ஆர்ட் பேக்கர், ஜான் பிரௌன் என மூவர்.

அவ்வாண்டு சிரக்யூஸ் அணி ஆடிய ஆட்டங்கள் அந்நகரத்தார் நெடுங்காலம் நினைவில் வைத்துப் போற்றியவை. முதலில் கான்சஸ் அணியை 35க்கு 21 என்று வென்றது. மேரிலாந்து அணி ஒரு புள்ளியும் பெறாமல் 29க்குத் தோற்றது. கடற்படைக் கல்லூரி, ஹோலி கிராஸ், மேற்கு வர்ஜீனியா, பிட்ஸ்பர்க் ஆகியன வரிசையாக வீழ்ந்தன. கோல்கேட் அணியின்மேற் பெற்ற புள்ளிகள் 71. அவ்வணி பெற்றது ஒன்றுமில்லை.

இத்தனை எளிய வெற்றிகளுக்கு நடுவே ஒரே ஓர் ஆட்டம் மட்டும் அவர்களை நடுங்க வைத்தது. நவம்பர்த் திங்கள் 7 ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் களத்தில் அது நிகழ்ந்தது. இரண்டும் அதுவரை தோல்வி காணாத அணிகள். இறுதிக் கால் பகுதியிற் சிரக்யூஸ் 20, எதிரணி 6 என்றிருந்தது. வெற்றி உறுதி என்று எண்ணியிருக்கையில், உதைத்து அனுப்பிய பந்தைப் பற்றிய எதிரணி வீரர் ஒருவர் களத்தின் முழு நீளமும் ஓடி எல்லையைக் கடந்தார். பின்னர்ச் சிரக்யூஸ் வீரர் உதைத்த பந்து இடையில் தடுக்கப்பட்டு, மற்றொரு டச்டவுனுக்கு வழியாயிற்று. 20க்கு 18. சமன் செய்ய எதிரணி மேற்கொண்ட முயற்சி தவறியது. அதன்பின் சிரக்யூஸ் வீரர் செய்தது எளிய செயலாகத் தோன்றும். பந்தைத் தம்மிடமிருந்து விடவில்லை. சிறிது சிறிதாக முன்னேறி, ஆட்டம் முடியும்வரை அதனைக் காத்தனர். நீண்ட ஓட்டங்களைக் காட்டிலும் இவ்வகைப் பொறுமையே ஓர் அணியின் தரத்தைக் காட்டும் என்பது என் கருத்து.

டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குச் சென்று கலிபோர்னியப் பல்கலைக்கழக அணியை 36க்கு 8 என்று வென்றதோடு பத்து ஆட்டங்களும் முடிந்தன. பத்திலும் வெற்றி. பெற்ற புள்ளிகள் 390, கொடுத்தவை 59. நாட்டின் முதல் அணி சிரக்யூஸ் என்று அறிவிக்கப்பட்டது. எர்னி பந்தை ஏந்தி ஓடிய முறை 98. கடந்த தொலைவு 686 கெஜம். அஃதாவது ஒவ்வொரு முறையும் ஏழு கெஜம்.

எஞ்சியது ஓர் ஆட்டம். புத்தாண்டு நாளில் டெக்சாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில் நடைபெறும் காட்டன் பௌல் என்னும் சிறப்பு ஆட்டத்திற்கு அணி அழைக்கப்பெற்றது. எதிர்த்து நின்றது டெக்சாஸ் பல்கலைக்கழகம்.

அந்நாளிற் டெக்சாஸ் உள்ளிட்ட தென் மாநிலங்களின் நிலையை மாணவர்கள் அறிதல் வேண்டும். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பள்ளியிற் பயிலலாகாது, ஒரே விடுதியில் உண்ணலாகாது என்னும் வழக்கம் அங்கு வேரூன்றியிருந்தது. பள்ளிகளில் இனம் பற்றிப் பிரித்தல் அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்சநீதிமன்றம் 1954 ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தும், நடைமுறை எளிதில் மாறவில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழக அணியிற் கறுப்பின மாணவர் ஒருவரும் இலர். அந்நிலை மாறப் பின்னும் பத்தாண்டு ஆயிற்று.

ஆட்டத்திற்குச் சில நாள் முன்னர் எர்னியின் தொடைத் தசை நலிவுற்றது. அவர் ஆடுவாரோ என்று ஐயுற்றனர். 1960 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அவர் களத்தில் இறங்கினார். ஆட்டம் தொடங்கிச் சில நொடிகளே கழிந்தன. அணித்தலைவர் ஷ்வீடிஸ் ஓடுவதுபோற் காட்டிப் பந்தை எறிந்தார். எர்னி அதனைப் பற்றி, நலிந்த காலோடு களத்தைக் கடந்து எல்லையை அடைந்தார். அந்த ஒரே முயற்சியிற் கடந்த தொலைவு 87 கெஜம். பின்னர் மேலும் ஒரு டச்டவுன் பெற்றார். எதிரணியினர் எறிந்த பந்தொன்றை இடைமறித்துப் பற்றினார். இறுதியிற் சிரக்யூஸ் 23, டெக்சாஸ் 14.

ஆட்டத்தினிடையே கைகலப்பு மூண்டதையும் மறைத்தல் கூடாது. எதிரணியினர் சிலர் கறுப்பின வீரரை இழிசொற் கூறியதாகச் சிரக்யூஸ் வீரர் குற்றஞ்சாட்டினர். முதற்பாதி முடியும் தறுவாயிற் சினம் கைகளில் இறங்கியது.

அன்றிரவு விருந்து நடந்தது. ஆட்டத்தின் சிறந்த வீரர் என எர்னி தேர்ந்தெடுக்கப்பெற்றிருந்தார். பரிசு பெறுதற்கு உரிய முதல்வர் அவரே. ஆயினும் அவரும் மற்ற இரு கறுப்பின வீரரும் அம்மண்டபத்தில் இறுதிவரை இருத்தலாகாது என்று தெரிவிக்கப்பட்டது. பரிசைப் பெறலாம், பெற்றபின் வெளியேற வேண்டும். பகலில் எந்தக் கால்கள் ஓடக் கண்டு ஆயிரக்கணக்கானோர் எழுந்து ஆரவாரித்தனரோ, அந்தக் கால்கள் இரவில் அம்மண்டபத்தை விட்டு நடந்தன. செய்தியறிந்த வெள்ளை இனத் தோழரும் மனங்கொதித்தனர். உடன் உண்ணல் மறுக்கப்படுவதன் வலியை நம் நாட்டவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எர்னி அதற்காக எவரையும் இகழ்ந்து பேசவில்லை. இதனைக் கோழைமை என்று எண்ணுவாரும் உளர். நான் அவ்வாறு எண்ணவில்லை. அவமதித்தவரைப் போலத் தாமும் ஆகிவிடக் கூடாது என்னும் உறுதியை அவருடைய வாழ்வின் பிற பகுதிகளிலும் காண்கிறோம்.

அடுத்த ஈராண்டுகளிலும் அவர் ஆட்டம் ஓங்கியதேயன்றிக் குறையவில்லை. 1960 இல் 877 கெஜமும், 1961 இல் 823 கெஜமும் ஓடினார். மூன்றாண்டிலும் சேர்த்து 2,386 கெஜம். ஜிம் பிரௌன் அப்பல்கலைக்கழகத்தில் நிறுவிய அளவையும் அது கடந்தது. பொருளாதாரம் பயின்று பட்டமும் பெற்றார்.

அமெரிக்கப் பல்கலைக்கழக வீரருள் ஆண்டுதோறும் சிறந்த ஒருவர்க்கு அளிக்கப்பெறுவது ஹைஸ்மன் பரிசு. 1935 ஆம் ஆண்டு தொடங்கி அதனைப் பெற்றவர் 26 பேர். அவருட் கறுப்பினத்தவர் ஒருவரும் இலர். 1961 ஆம் ஆண்டு டிசம்பரில் அப்பரிசு எர்னிக்கு வழங்கப்பெற்றது. அச்சமயம் நியூயார்க் நகருக்கு வந்திருந்த குடியரசுத் தலைவர் கென்னடி, அவரை வரவழைத்துக் கைகுலுக்கிப் பாராட்டினார். விருந்து மண்டபத்தை விட்டு அவர் வெளியேற நேர்ந்து இரண்டாண்டுகூட நிறையவில்லை.

அதே திங்களில், தொழில்முறை அணிகள் புதிய வீரரைத் தேர்ந்துகொள்ளும் நிகழ்ச்சியில் எர்னியே அனைவர்க்கும் முதல்வராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். கறுப்பினத்தவர் ஒருவர் முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை. தேர்ந்த அணி எது என்பது வியப்பிற்குரியது. வாஷிங்டன் நகரத்து அணியின் உரிமையாளர், கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்று நெடுங்காலம் பிடிவாதமாக இருந்தவர். ஏனைய அணிகள் யாவும் சேர்த்த பின்னரும் அசையாதவர். ஆனால் அவ்வணி ஆடிய புதிய அரங்கு நடுவணரசின் நிலத்தில் எழுப்பப்பெற்றது. உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடால் அதனைச் சுட்டிக்காட்டி, இனவேற்றுமை பாராட்டினால் அரங்கில் இடமில்லை என்று எச்சரித்தார். வேறு வழியின்றி அவர் எர்னியைத் தேர்ந்தார். தேர்ந்தபின் கிளீவ்லந்து அணிக்கு மாற்றிவிட்டு, ஈடாகப் பாபி மிட்செல் என்னும் புகழ்பெற்ற கறுப்பின வீரரையும் மற்றொருவரையும் பெற்றார். ஆக, மூடியிருந்த கதவு திறந்தது. எர்னியோ வேறொரு வாயில் வழியே சென்றார். கிளீவ்லந்து அணியில் ஜிம் பிரௌன் ஆடிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருங்கே ஓடும் காட்சியைக் காண மக்கள் ஆவலோடு காத்திருந்தனர்.

அக்காட்சி வாய்க்கவில்லை. 1962 ஆம் ஆண்டு கோடையில், சிகாகோவில் நடைபெறவிருந்த ஆட்டமொன்றிற்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது எர்னி நோயுற்றார். மருத்துவர் ஆராய்ந்து, கடுமையான இரத்தப் புற்றுநோய் என்று கண்டனர். அந்நாளில் அதற்கு மாற்று மருந்து இல்லை. நோயின் பெயரை உடனே அவருக்குச் சொல்லவில்லை. அக்டோபர்த் திங்களில், நோய் சிறிது தணிந்திருந்த வேளையில், உண்மையைத் தெரிவித்தனர்.

ஆகஸ்டு மாதத்து ஓரிரவு கிளீவ்லந்து அரங்கில் அவர் மக்களுக்கு அறிமுகம் செய்யப்பெற்றார். விளக்கொளி அவர்மேல் விழ, திரண்டிருந்தோர் எழுந்து ஆர்ப்பரித்தனர். அவ்வணியின் வீரராக அவர் களத்தில் தோன்றியது அவ்வளவே. நோய் தணிந்தபின் அவரை ஆடவிடலாம் என்று உரிமையாளர் ஆர்ட் மோடெல் விரும்பினார். பயிற்றுநர் பால் பிரௌன் இசையவில்லை. பயிற்றுநரைப் பழித்தோர் பலர். இறக்கும் நிலையிலுள்ள இளைஞரை மோதலுக்கு அனுப்ப மனம் வராதவரை நாம் எளிதிற் குறைகூறல் இயலாது. ஆடவேண்டும் என்று எர்னி கொண்ட வேட்கையையும் மறுத்தல் இயலாது. இருவர்பாலும் நியாயம் இருந்தது.

1963 ஆம் ஆண்டு மார்ச்சில் ஒரு வார இதழில் எர்னியின் பெயரால் ஒரு கட்டுரை வெளிவந்தது. தம்மை நற்பேறு அற்றவராகத் தாம் கருதவில்லை என்பதே அதன் பொருள். பிறர்க்குக் கிட்டாத பல தமக்குக் கிட்டின என்று அவர் எண்ணினார். தந்தையை அறியாது பிறந்தவர், பரிசு பெற்ற மண்டபத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர், இருபத்து மூன்றாம் வயதில் மரணத்தை எதிர்நோக்கியவர் எழுதியது அது.

மே மாதத்தில் நோய் மீண்டும் முற்றியது. மருத்துவமனைக்குச் செல்லுமுன் அவர் மோடெலைக் கண்டு, தம்மால் அணிக்கு நேர்ந்த செலவுக்கு வருத்தம் தெரிவித்தார். ஓர் ஆட்டமும் ஆடாமல் ஊதியம் பெற்றோமே என்பது அவர் மனத்தை உறுத்தியது போலும். இரண்டு நாள் கழித்து, மே 18 ஆம் நாள், கிளீவ்லந்து மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

உடல் எல்மைராவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று இறுதி மரியாதை செய்தனர். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வரிசையில் நின்றனர். குடியரசுத் தலைவர் கென்னடி இரங்கற் செய்தி அனுப்பினார். மார்க் டுவைன் அடக்கமாகியுள்ள உட்லான் இடுகாட்டிலேயே எர்னியும் அடக்கம் செய்யப்பெற்றார். பொது இடங்களில் இனவேற்றுமை பாராட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டு, 1964 இல், நிறைவேறியது. கிளீவ்லந்து அணி அவருக்கென ஒதுக்கியிருந்த 45 என்னும் எண்ணை வேறெவர்க்கும் அளிப்பதில்லை என்று முடிவு செய்தது.

இறப்பதற்குச் சில திங்களுக்கு முன்னர் எர்னி செய்த பணி ஒன்று உண்டு. பிளாய்ட் லிட்டில் என்னும் கறுப்பின இளைஞரைச் சந்தித்து, தாம் பயின்ற சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திற் சேருமாறு அழைத்தார். ஜிம் பிரௌன் தம்மை அழைத்தது போலவே. அவ்விளைஞரைப் பிற கல்லூரிகளும் நாடின. அவர் மனம் இருபாற்பட்டிருந்தது. எர்னி இறந்த செய்தி கேட்டதும் அவர் சிரக்யூஸ் பயிற்றுநரை அழைத்துத் தம் இசைவைத் தெரிவித்தார். அவர் அங்குச் சென்று அணிந்த சட்டையின் எண் 44.